ஐம்பத்தெட்டாயிரம் டாலர் சமையலறை

நியூயார்க்கில் வீடு மாறப்போகிறோம் என்று சொன்னபோது விளம்பரத்தை அம்மாவுக்குப் போனிலேயே தமிழாக்கிப் படித்துக் காட்டினேன். அப்பர் வெஸ்ட் சைடு, இரண்டு படுக்கையறை, போருக்கு முந்தைய கட்டடம், முழுவதும் புதுப்பித்தது. "எந்தப் போருக்கு முன்னாடிடி?" என்றாள். இரண்டாம் உலகப் போர் என்றேன். "அங்கே குண்டு விழுந்துச்சா?" விழவில்லை என்றேன். "அப்புறம் எதுக்கு அதைச் சொல்லி வாடகைக்கு விடுறான்?"

அன்று என்னிடம் பதில் இல்லை. இரண்டரை வருஷமாக அதே வீட்டில் குடியிருந்து இதையே மனதில் உருட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதால் எழுதிப் பார்க்கிறேன். இந்த ஊர்த் தரகர்கள் 'பிரீ-வார்' என்று சொல்லும்போது குரலில் கொஞ்சம் குலப்பெருமை ஏறிவிடும். ஒன்பது, பத்தடி உயரத்தில் சீலிங், ஆணி லேசில் இறங்காத கனத்த பிளாஸ்டர் சுவர், மீன்முள் போல அடுக்கிய ஓக் மரத் தரை, சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் ஓடுகிற பூவேலை, இதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். போர் முடிந்து மறுபடி கட்டத் தொடங்கியபோது சீலிங் எட்டடிக்கு இறங்கிவிட்டது, சுவரும் மெலிந்துவிட்டது. பெர்லினில் பழைய வீடு என்றால் குண்டுக்குத் தப்பியது என்று பொருள். இங்கே சிக்கனம் வருவதற்கு முந்தியது என்று பொருள், அவ்வளவுதான்.

எங்கள் கட்டடம் 1912இல் எழுந்தது. 1904 அக்டோபரில் பிராட்வேக்கு அடியில் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியதும் இந்தப் பக்கத்து நிலத்துக்கு வந்த மவுசில், வெஸ்ட் எண்ட் அவென்யூவின் வரிசை வீடுகளை ஒவ்வொன்றாக இடித்துவிட்டுப் பன்னிரண்டு மாடி, பதினைந்து மாடி என்று ஏற்றிக்கொண்டிருந்த காலம். வாசலில் பளிங்கு, பித்தளைக் கைப்பிடி, மாடியிலிருந்து கடிதத்தைப் போட்டால் சறுக்கிக்கொண்டே கீழே போய் விழுகிற கண்ணாடிக் குழாய் (இப்போது அடைத்துவிட்டார்கள்). வீட்டைப் பார்க்கப் போன அன்று அந்த வாசலைத் தாண்டும்போதே என் கணவருக்கு மனம் விழுந்துவிட்டது. எனக்கு விழுந்தது சமையலறையில். வெள்ளைக் கல் மேடை, நடுவில் தீவு மாதிரி இன்னொரு மேடை, ஆறு பர்னர் அடுப்பு. குவீன்ஸில் ஐந்து வருஷம் ஒருவர் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாத சமையலறையில் சமைத்தவளுக்கு அந்தத் தீவு போதும். வேறு எதையும் நான் பார்க்கவில்லை. அடுப்புக்கு மேலே இருந்த புகைபோக்கியின் குழாய் எங்கே போகிறது என்றுகூடப் பார்க்கவில்லை. அது எங்கேயும் போகவில்லை.

வாடகை மாதம் 5,200 டாலர். ஆண்டு வருமானம் மாத வாடகையைப் போல் நாற்பது மடங்கு இருக்க வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம், அதாவது 2,08,000. எங்கள் இருவர் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டித்தான் தாண்டினோம். முன்பணம் ஒரு மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2019இல் சட்டம் வந்துவிட்டதால் அதில் தப்பித்தோம். தரகர் கட்டணத்தில் மாட்டினோம். ஆண்டு வாடகையில் 15 சதவீதம், 9,360 டாலர். விளம்பரம் போட்டவர் வீட்டுக்காரக் கம்பெனியின் ஆள், கதவைத் திறந்து காட்டியதும் அவர்தான், கூலி மட்டும் எங்களுடையது. யார் தரகரை அமர்த்துகிறாரோ அவரே காசு கொடுக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. நாங்கள் குடிவந்தது 2023 ஆகஸ்டில். எங்கள் வீட்டில் எந்த நல்ல சட்டமும் நாங்கள் காசைக் கட்டி முடித்த பிறகுதான் வரும்.

நீராவி

முதல் குளிர்காலத்தில் ஒருநாள் விடியற்காலை நான்கு மணிக்கு யாரோ சுத்தியலால் இரும்புக் குழாயை அடிப்பது போல ஒரு சத்தம். மகள் எழுந்து உட்கார்ந்து அழுதாள். ரேடியேட்டர்தான், அறையைச் சூடாக்குகிற இரும்புச் சாதனம். கட்டடத்தின் அடியில் இருக்கிற கொதிகலனிலிருந்து நீராவி ஏறிவரும். அறைக்குள் வந்து, குளிர்ந்து, தண்ணீராகி, அதே குழாய் வழியாகத் திரும்பிக் கீழே இறங்கும். ஏறவும் இறங்கவும் ஒரே குழாய். ரேடியேட்டர் கொஞ்சம் தவறாகச் சாய்ந்திருந்தால் தண்ணீர் இறங்காமல் தேங்கும். மேலே வருகிற நீராவி அந்தத் தண்ணீரைத் தூக்கிக் குழாய்மேல் அறையும், அந்த அறைதான் எங்கள் சுத்தியல். சூப்பர் வந்து பார்த்தார். (கட்டடத்தைப் பராமரிக்கிறவரை இந்த ஊரில் எல்லோரும் சூப்பர் என்றுதான் சொல்வார்கள். தமிழ்க் காதுக்குப் பாராட்டுவது போலவே இருக்கும். எங்கள் சூப்பர் அந்தப் பாராட்டுக்குத் தகுதியானவர்தான்.) பையிலிருந்து விரல்கடை அளவில் இரண்டு மரத்துண்டுகளை எடுத்தார், ரேடியேட்டரின் கடைசிக் கால்களுக்கு அடியில் செருகினார், வால்வு இருக்கும் பக்கமாக அது சாய்ந்தது, போய்விட்டார். ஐந்து நிமிஷ வேலை. போகிற போக்கில் ஒன்று சொன்னார்: வால்வை முழுக்கத் திற, இல்லாவிட்டால் முழுக்க மூடு, பாதியில் விட்டால் மறுபடி அடிக்கும்.

அக்டோபர் முதல் தேதியிலிருந்து மே 31 வரை, வெளியே 55 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் பகலில் வீட்டுக்குள் 68 டிகிரி இருக்க வேண்டும், இரவில் வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே 62 இருக்க வேண்டும் என்பது நகரத்தின் சட்டம். எங்கள் வீட்டில் ஜனவரியிலும் எண்பதைத் தாண்டும். வெளியே பனி கொட்டும், உள்ளே பருத்திப் புடவையோடு ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். 1918இன் இன்புளூயன்சா காலத்தில் ஜன்னலை மூடவே கூடாது என்ற பயம் பரவி, அதற்கேற்ப நீராவி அமைப்புகளைப் பெரிதாகப் போட்டுவிட்டார்கள் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். எங்கள் கட்டடம் அந்தக் காய்ச்சலுக்கும் மூத்தது. ஆனாலும் புழுக்கம் அதே ரகம்தான்.

அந்தச் சூட்டில் தரை காயும். ஓக் மரப் பலகைகள் சுருங்கி, நடுவில் நூல் அளவுக்கு இடைவெளி விடும். படுக்கையறைத் தரை மட்டும் பழையது, மற்ற இடமெல்லாம் புதிதாகப் பதித்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அறையில் வெறுங்காலோடு நடந்தபோது சுருக்கென்றது. பார்த்தால் குண்டூசி. தலையில் வெள்ளைக் கண்ணாடி மணி வைத்தது, தையற்காரர்கள் துணியைக் குத்திவைக்கப் பயன்படுத்துகிறார்களே அந்த வகை. அடுத்த வாரம் மகள் ஒன்றைக் கொண்டுவந்தாள். அப்புறம் வேக்குவம் வைக்கும்போது கிளிங்கென்று இன்னொன்று. எங்கள் வீட்டில் தையல் மிஷின் கிடையாது. அறுந்த பொத்தானைக்கூட ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் கொடுத்துத் தைத்து வாங்கி வருகிறவள் நான். மாத்திரை டப்பா ஒன்றில் ஊசிகளைப் போட்டு அலமாரி மேல் வைத்தேன். மார்ச்சுக்குள் பதினேழு சேர்ந்துவிட்டன.

சுவருக்கு அப்பால்

பக்கத்து வீட்டு அம்மாவோடு பழக்கம் வந்தது பெருங்காயத்தால். ஒருநாள் மாலை சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம். எண்பது வயதைத் தாண்டிய, ஒல்லியான, நிமிர்ந்த உருவம். எரிவாயு கசிகிறதா என்று கேட்டார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. பெருங்காயம் என்பதை ஆங்கிலத்தில் விளக்குவது சுலபமில்லை. பிசின், வேர், செரிமானம் என்று உளறினேன். கடைசியில் டப்பாவையே கொண்டுவந்து நீட்டினேன். முகர்ந்து பார்த்தார். "சரி, இதற்காக யாரும் சாகமாட்டார்கள்" என்றார். அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று அன்றே உத்தரவு. அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை. கூப்பிடாமலேயே சமாளிக்கிறேன். இங்கேயும் பக்கத்து வீட்டு அம்மா என்றே எழுதுகிறேன்.

வாசனை அங்கே எப்படிப் போனது என்பதைச் சூப்பர்தான் கண்டுபிடித்தார். எங்கள் வீடும் அவர் வீடும் ஒருகாலத்தில் ஒரே வீடு. ஒன்பது அறை, இரண்டு வேலைக்காரர் அறை. முப்பதுகளின் பொருளாதார மந்தத்தில் அவ்வளவு பெரிய வீட்டுக்கு ஆள் கிடைக்காமல் குறுக்கே சுவர் எழுப்பி இரண்டாக்கியிருக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் நிறையக் கட்டடங்களுக்கு அப்படி நடந்தது. அதனால்தான் எங்கள் வீட்டில் மூன்று பக்கச் சுவர் கோட்டை மாதிரி, நான்காவது மட்டும் தும்மினால் கேட்கும். அந்த நான்காவது சுவருக்குள் மளிகைச் சாமான் ஏற்ற ஒரு குட்டி லிப்ட் ஓடியிருக்கிறது. கயிறு, பெட்டி எல்லாம் எடுத்துவிட்டார்கள், பொந்து மட்டும் இருக்கிறது. என் சமையலறையைப் புதுப்பித்தவர்கள் அழகான அலமாரியை அந்தப் பொந்தின்மேல் சாத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அடைக்கவில்லை. புகைபோக்கி உறிஞ்சுகிற புகையை வடிகட்டி மறுபடி என் முகத்திலேயே ஊதும். மிச்சம் பொந்து வழியாகப் பக்கத்து வீட்டுக்கு.

பதிலுக்கு அவர் வீட்டுக்குக் காபி குடிக்கப் போனேன். உள்ளே நுழைந்ததும் ஒரு நிமிஷம் தடுமாறிவிட்டது. இதே ஜன்னல், இதே வெளிச்சம், ஆனால் சீலிங் ஓரத்தில் எங்கள் வீட்டில் இல்லாத பூவேலை. ஒவ்வொரு இலையும் பலமுறை வெள்ளையடித்து வெள்ளையடித்துக் கூர் மழுங்கி, வெண்ணெயில் செய்தது போல இருந்தது. சமையலறை குட்டி. இரும்பின்மேல் வெள்ளை எனாமல் பூசிய தொட்டி, ஓரத்தில் எனாமல் பெயர்ந்து கருப்பு. கதவுக்குக் கண்ணாடிக் குமிழ். சுவரில் படம் மாட்ட ஆணியே அடிக்கவில்லை, மேலே ஓடுகிற மரச்சட்டத்தில் கொக்கி போட்டுக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார். விளம்பரத்தில் படித்தேனே 'போருக்கு முந்தைய அழகு', அது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. எங்கள் பக்கம் இருப்பது அதன் பெயர்.

1976இல் இங்கே வந்தாராம். அதற்கு முந்தின வருஷம்தான் நகரமே திவாலாகும் நிலைக்குப் போயிருந்தது. நல்ல சம்பளக்காரர்கள் புறநகருக்கு ஓடிக்கொண்டிருந்த சமயம், வீட்டுக்காரர் கெஞ்சாத குறையாகச் சாவியைக் கையில் கொடுத்தாராம். இப்போது அவர் வாடகை 1,412 டாலர். 1974க்கு முன் கட்டிய, ஆறு வீடுகளுக்குக் குறையாத கட்டடங்களில் பெரும்பாலானவை வாடகை வரம்புச் சட்டத்துக்குள் வரும். வருஷா வருஷம் எவ்வளவு ஏற்றலாம் என்று ஒரு வாரியம் முடிவு செய்யும். தொகையைச் சொல்லும்போது அவர் முகத்தில், சந்தையில் பேரம் பேசி ஜெயித்தவரின் களை. "நீங்கள் எவ்வளவு கொடுக்கிறீர்கள்?" என்றார். ஆயிரம் டாலரைக் குறைத்துச் சொன்னேன். ஏன் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை, ஏமாந்தவள் என்று நினைப்பாரே என்ற வெட்கம்தான் போலிருக்கிறது. குறைத்துச் சொன்னதற்கே நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "ஆல்பனிக்கு எழுதி உன் வீட்டின் வாடகை வரலாற்றைக் கேள்" என்றார். குடியிருப்பவர் கேட்டால் மாநில வீட்டுவசதித் துறை காசு வாங்காமல் அனுப்புமாம்.

உறை

கேட்டேன். மறந்தும் போனேன். ஒருநாள் தபால் பெட்டியில் ஒரு சாதாரண உறை இருந்தது. உள்ளே சில தாள்கள், பழைய கம்ப்யூட்டரில் அச்சடித்தது போன்ற கட்டங்கள். பதிவு தொடங்குவது 1984இல். ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு வரி: குடியிருப்பவர் பெயர், ஒப்பந்தத் தேதி, சட்டப்படியான வாடகை. முதல் வரியிலிருந்து ஒரே பெயர், ஒரு பெண்ணின் பெயர். 1985, 1986, 1987, அதே பெயர். வாடகை ஏழு டாலர், பன்னிரண்டு டாலர் என்று எறும்பு மாதிரி ஊர்கிறது. தாளைத் திருப்பினால் தொண்ணூறுகள், அதே பெயர். இன்னொரு தாள், இரண்டாயிரத்துச் சில்லறை, அதே பெயர். 2012இல் 1,100 டாலர். அடுத்த வரியில் பெயர் இல்லை, காலி என்று இருந்தது. அதற்கடுத்த வரியில், நிரந்தர விலக்கு, காரணம் உயர் வாடகை. அத்துடன் கட்டங்கள் வெறுமையாகிவிட்டன. எங்கள் பெயர் எங்கேயும் கிடையாது. அந்தத் தாளைப் பொறுத்தவரை 2012க்குப் பிறகு இந்த வீட்டில் யாருமே குடியிருக்கவில்லை.

1,100 எப்படி உயர் வாடகை ஆகும்? அன்று இரவு மகளைத் தூங்க வைத்துவிட்டுச் சமையலறைத் தீவில் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதைய விதிகளைத் தேடிப் படித்தேன். குடியிருப்பவர் போய்விட்டால் அடுத்தவரிடம் 20 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளலாம். போனவர் எட்டு வருஷமோ அதற்கு மேலோ இருந்திருந்தால், அவர் இருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் இன்னும் 0.6 சதவீதம். இந்தப் பெண் 1982இல் வந்தவர் என்று பிற்பாடு பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். முப்பது வருஷம். அதற்கு 18 சதவீதம், ஆக மொத்தம் 38. 1,100இல் 38 சதவீதம் 418, சேர்த்தால் 1,518. இதோடு காலி வீட்டைப் புதுப்பித்தால், முப்பத்தைந்து வீடுகளுக்கு மேல் உள்ள கட்டடமாக இருந்தால், செலவில் அறுபதில் ஒரு பங்கை மாத வாடகையில் ஏற்றலாம். அந்தச் செலவு அடைந்த பிறகும் அந்தத் தொகை இறங்காது. இப்படி ஏறி ஏறி 2,500 டாலரைத் தொட்டுவிட்டால் அந்த வீடு வரம்புச் சட்டத்தைவிட்டே வெளியே போய்விடும். பிறகு சந்தை என்ன சொல்கிறதோ அதுதான் வாடகை. 2,500இல் 1,518 போக 982. அதை அறுபதால் பெருக்கினால் 58,920.

பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து சமையலறையைப் பார்த்தேன். அதுவரை நான் அதைச் சமையலறையாகத்தான் பார்த்திருந்தேன். அன்றைக்கு அது ஒரு பில்லாகத் தெரிந்தது. வெள்ளைக் கல் மேடை இத்தனை ஆயிரம், ஆறு பர்னர் அடுப்பு இத்தனை, சுவரை இடித்த கூலி, புதுத் தரை, குளியலறை ஓடு. யாரோ ஒருவர் ஏதோ ஒரு மேஜையில் என்னைப் போலவே இந்தக் கழித்தலையும் பெருக்கலையும் போட்டிருப்பார். குறைந்தது 58,920 டாலர் ஆக வேண்டும். ஆகிறதற்கு என்னென்ன செய்யலாம்? காலி வீட்டில் செய்கிற வேலைக்கு யாரிடமும் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டியதில்லை, ரசீது இருந்தால் போதும் என்பது அன்றைய நிலை. பொந்து ஏன் அடைபடவில்லை, மிக்ஸியும் மைக்ரோவேவும் ஒன்றாக ஓடினால் ஏன் பியூஸ் போகிறது, ஆறு பர்னர் அடுப்புக்கு மேலே ஏன் புகை போக வழியில்லை என்று ஒரு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேனே, அதற்கெல்லாம் அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு விளக்கம் கிடைத்த மாதிரி இருந்தது. ஒருவர் சமைக்கப்போகிற இடம் என்று யாரும் இதைக் கட்டவில்லை, ஒரு தொகையை எட்டக் கட்டினார்கள். இது என் ஊகம்தான். உண்மையிலேயே ஒரு லட்சம் செலவழித்து, வேலைக்காரன் சோம்பேறியாக இருந்திருக்கவும் கூடும். ஆனால் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

திரும்பத் திரும்பக் குத்தியது அந்த 0.6தான். அந்தப் பெண் வேறெங்கும் போகாமல், வாடகையை ஒழுங்காகக் கட்டி இங்கேயே இருந்த ஒவ்வொரு வருஷமும் இந்த வீட்டை அடுத்தவருக்கு எட்டாததாக ஆக்கிக்கொண்டு வந்திருக்கிறது. அவருக்குத் தெரிந்திருக்காது. அந்தக் கூட்டலின் கடைசியில் 5,200 டாலர் வாடகைக்கு நான் வந்து நிற்கிறேன்.

அவரை யாரும் துரத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குளியலறையில் வழுக்கி விழுந்தார், இடுப்பெலும்பு, மருத்துவமனை, பிறகு பிராங்ஸில் ஒரு முதியோர் இல்லம், திரும்பி வரவில்லை என்றார் பக்கத்து வீட்டு அம்மா. வில்லன் யாரும் இல்லாத கதை. இருந்திருந்தால் எனக்கும் கோபப்பட்டுவிட்டுப் படுக்க ஒரு வசதி இருந்திருக்கும். வழக்கறிஞரான தோழியிடம் தாள்களைக் காட்டினேன். பழைய ரசீதுகளைக் கிளறி மோசடி என்று நிரூபிப்பது உன் தலையில் விழும், அதற்குள் உன் மகள் கல்லூரிக்குப் போய்விடுவாள் என்றாள்.

என் கோபத்தை நானே முழுக்க நம்பாததற்கு இன்னொரு காரணம் தாத்தா. திருவல்லிக்கேணியில் அவருக்கு ஒரு சின்ன வீடு இருந்தது, அதில் ஒரு குடித்தனக்காரர். 1960ஆம் வருஷ வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்பது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் கெட்ட வார்த்தை மாதிரி உச்சரிக்கப்படும். வருகிற வாடகை வீட்டு வரிக்கே காணவில்லை என்று தாத்தா புலம்புவார். கூரை ஒழுகுகிறது என்று குடித்தனக்காரர் வந்து நிற்பார். "ஒழுகட்டும், அவன் கொடுக்கற காசுக்கு ஒரு கூடை சுண்ணாம்பு வருமா?" நாங்கள் எல்லோரும் தாத்தா கட்சி. அந்தக் குடித்தனக்காரரின் பெண் என் வகுப்பில்தான் படித்தாள், ஒழுகுகிற இடத்தில் அவர்கள் எப்படிப் படுத்தார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

2019இல் நியூயார்க் மாநிலம் இந்த ஏணியையே எடுத்துவிட்டது. 20 சதவீதம், வருஷத்துக்கு 0.6, உயர் வாடகை விலக்கு எல்லாம் ரத்து. புதுப்பித்த செலவாக 15 வருஷத்துக்கு 15,000 டாலருக்கு மேல் காட்ட முடியாது. படித்தபோது கைதட்டத் தோன்றியது. ஆனால் கொஞ்ச காலத்திலேயே வீட்டுக்காரர்கள் வேறு பாட்டைத் தொடங்கினார்கள்: நாற்பது வருஷம் ஒருவர் குடியிருந்த வீட்டின் வயரும் குழாயும் மாற்ற 15,000 எந்த மூலைக்கு, அதற்குப் பூட்டியே வைக்கலாம் என்று. பூட்டியும் வைத்தார்கள். 2024இல் வரம்பை 30,000 என்றும், நீண்டநாள் ஒருவரே இருந்த வீடு போன்ற சிலவற்றுக்கு 50,000 என்றும் ஏற்றினார்கள். வீட்டுக்காரர்களின் அந்தப் பாட்டில் பாதி தந்திரம், பாதி உண்மை என்று நினைக்கிறேன். தாத்தாவின் ஒரு கூடை சுண்ணாம்பும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். எங்கள் தெரு வரலாற்றுப் பகுதி. வெளி ஜன்னலின் சட்டத்தை மாற்ற வேண்டும் என்றால் பழைய கட்டடங்களைக் காக்கிற லேண்ட்மார்க்ஸ் ஆணையத்தின் அனுமதி வேண்டும். 1963இல் பென் ஸ்டேஷன் என்ற பழைய ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கியபோது ஊர் பதறி, 1965இல் கொண்டுவந்த சட்டம் அது. இப்படிப்பட்ட வீடுகளில் வெளிப்புறம்தான் ஆணையத்தின் கவலை. உள்ளே சீலிங் பூவேலையை உடைத்துக் குப்பைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது வெளியே கூரை விளிம்பில் இருக்கிற சிங்கமுகம் ஒரு கீறலும் இல்லாமல் தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கும்.

போன மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. 5,450. மகளின் பள்ளி இரண்டு தெரு தள்ளி, பூங்காவும் ஆறும் நடந்து போகிற தூரம். இவ்வளவு தெரிந்த பிறகும் கையெழுத்துப் போடுவாயா என்று கணவர் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. போட்டோம். பொந்தை அடைத்துத் தருகிறேன் என்று சூப்பர் சொல்லியிருக்கிறார், சொல்லி எட்டு மாதம் ஆகிறது.

கையெழுத்துப் போட்ட அன்று ஊசி டப்பாவை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். தாளில் பார்த்த பெயரைச் சொல்லி, அவர் என்ன வேலை செய்தார் என்று கேட்டேன். செவன்த் அவென்யூவில் ஆடைக் கம்பெனிகளுக்குப் பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான மாதிரி) வெட்டுகிற வேலை, வீட்டுக்கும் எடுத்துவந்து அந்தப் படுக்கையறையில் மண்டியிட்டுத் தரையில் விரித்து வெட்டுவார் என்றார். டப்பாவைத் திறந்து நீட்டினேன். இருபத்து மூன்று ஊசிகள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளங்கையில் கொட்டி, ஒவ்வொன்றாகக் கட்டைவிரலில் குத்திப் பார்த்தார். துருப்பிடித்ததை ஒதுக்கினார், வளைந்ததை ஒதுக்கினார். ஆறு தேறியது. அவற்றை எடுத்துக்கொண்டு போய், மடிப்பு பிரிந்து தொங்கிய ஜன்னல் திரையின் ஓரத்தை மடித்துக் குத்தினார். மிச்சத்தை டப்பாவில் போட்டு மூடி என்னிடமே கொடுத்துவிட்டார்.